கேட்டுச்சா?

உத்ரெக்ட் தேவாலயத்தில் கச்சேரி முடிந்தது. மெல்லிய ஒலி தரும் தந்தி வாத்தியமான தன் லூட்டைப் பெட்டிக்குள் வைத்தபடியே, கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்த கணவன் ரூட்கரிடம் லீஸ்பெத் எப்போதும்போல ஏக்கத்தோடு கேட்டாள்.

"கேட்டுச்சா?"

"ஒரு ஸ்வரம் விடாம! அந்தக் கடைசிப் பாட்டுல பின்னிட்டே, போ!"

அவள் பெட்டியைப் பட்டென்று மூடினாள்.

"கடைசிப் பாட்டுல நான் தந்தியத் தொடவே இல்ல. சும்மா விரலை ஆட்டினேன்."

ரூட்கர் அசடு வழிந்தான்.

"எக்காளமும் வயலினும் அந்தப் போடு போடுறப்ப உன் லூட் எங்க கேக்கும்? இத்தன வருஷத்துல ஒரு நாளும் கேட்டதில்ல."

"அப்ப முன்னாடி வந்து உட்கார வேண்டியதுதானே?"

"யாருக்காவது கேக்குதான்னு நடுவுல தலையத் தூக்கிப் பாப்பியே லீஸ்... எப்பவும் கடைசி வரிசையத்தான் பாக்குற."