ஒரு களவா, எண்பது டாக்டர்கள்

“உங்ககிட்ட கேட்டுத்தான சார் எடுத்தோம்?” என்றாள் பேச்சிச்செல்வி, பந்தி முடிந்த இலைகளைச் சுருட்டியபடி.

டாக்டர் நேசக்குமார் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. காற்றுக் குமிழி வந்துகொண்டிருந்தது. மீனைத்தான் காணோம்.

“எங்கிட்ட எப்பம்மா கேட்டீங்க?”

“நீங்க போன்ல பேசிக்கிட்டு நின்னீய. மகாராஜன் அண்ணாச்சி, ‘இந்த மீன எடுத்துக்கிடவா சார்’னு கேட்டாரு. நல்லா தலைய ஆட்டுனீய.”

ஆட்டியிருப்பார். நாலு நாளாக யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவதுதான் மாநாட்டுச் செயலாளரின் வேலை. மீன் டாக்டர்களின் ஆண்டு மாநாடு தூத்துக்குடிக்கு வருவது இதுவே முதல் தடவை. குழாய் பக்கத்தில் இருக்கிறதே என்று தொட்டியை அடுப்படி ஓரம் வைக்கச் சொன்னதும் அவர்தான். நோயாளியைச் சமையல்காரர் பக்கத்தில் படுக்கவைத்த ஒரே மருத்துவர் உலகத்தில் இவராகத்தான் இருப்பார்.

அது முக்கால் கிலோ களவா. வயிற்றில் கட்டி. மூன்று மணிக்கு எல்லோர் முன்பும் அறுவை சிகிச்சை செய்துகாட்டுவதாக ஏற்பாடு. எக்ஸ்ரே எடுக்கக் காலையிலேயே மயக்க ஊசி போட்டிருந்தார். அவசரத்தில் அளவு தப்பி மூன்று மடங்கு ஏறிவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

“குழம்புல போட்டுட்டாரா?”

“எனக்கென்ன தெரியும் சார்? நான் சோத்துக்கு நின்னேன். குழம்பு அண்ணாச்சி கையில.”

“அவரு எங்க?”

“சாயங்காலக் காப்பிக்கு மக்ரூன் வாங்கப் போயிருக்காரு.”

போன் போட்டார். “பைக்குல வாரேன் சார், வந்து சொல்லுதேன்” என்று வைத்துவிட்டார் மகாராஜன்.

மருந்து ஏறிய மீனை நாள் கணக்கில் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று காலையில் முக்கால் மணி நேரம் பேசியவரே நேசக்குமார்தான். வைத்தால் மனிதனுக்கு என்ன ஆகும்? அதைத் தின்று பார்த்து யாரும் கட்டுரை எழுதவில்லை.

ஹாலுக்கு ஓடினார்.

மீனுக்கு மயக்கம் நாலு கட்டமாக ஏறும். முதலில் அசைவு குறையும். அடுத்து ஒரு பக்கமாகச் சாயும். மூன்றாவது, தொட்டாலும் பதில் இருக்காது. நாலாவதில் செவுள் நின்றுபோகும்.

எண்பது பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பேசிக்கொண்டிருந்தவரின் சொற்கள் ஜவ்வு மாதிரி இழுத்தன. முதல் கட்டம்.

இந்தியாவில் இருக்கும் மீன் டாக்டர்களில் பாதிப் பேர் இந்த ஒரே ஹாலில்தான். இவர்கள் போய்விட்டால் மீன்களுக்கு நாதி? நேசக்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டு வேண்டினார்: ‘ஆண்டவரே, யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது. வேணும்னா அடுத்த வருஷ மாநாட்டையும் நானே நடத்துதேன்.’

“என்ன சார், வேர்த்து ஊத்துது?” இளம் டாக்டர் ஸ்டெபி பக்கத்தில் வந்தாள்.

“ஏளா ஸ்டெபி, அங்கன பாரு. எல்லாரும் சாயுதாங்க.”

“யாரு சார்?”

“எல்லாரும்! ஒரே பக்கமா!” கடைசி வரிசையிலிருந்து மேடை வரைக்கும் அத்தனை தலையும் இடப்பக்கம் சரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் கட்டம். “லைட்ட வேற எவன் குறைச்சான்?”

ஸ்டெபி விளக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “சார், முதல்ல உட்காருங்க.”

“உட்காருத நேரமா இது? எல்லாரும் தின்னது மருந்து ஏறுன மீனு! நூத்தியெட்டுக்குப் போன் போடு!”

அவள் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். “வண்டி வருது சார்.”

“எத்தனை வண்டி?”

“ஒண்ணு.”

“எம்பது பேர ஒரு வண்டியில அடுக்கவா? நீயெல்லாம் டாக்டருக்குப் படிச்ச புள்ள!”

அவள் முதல் வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்தாள். அவர் அதைத் தாண்டி, சங்கத் தலைவர் ஜேசுதாசனிடம் போனார். எழுபது வயது. நேசக்குமாருக்கு மீன் அறுக்கக் கற்றுக்கொடுத்த கை. அந்தக் கையை அழுத்திக் கிள்ளினார்.

தலைவர் திரும்பினார். அவர் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கரையில் போட்ட மீன் அப்படியேதான் செய்யும்.

மூன்றாம் கட்டம்.

நேசக்குமாருக்குக் கண்ணீர் முட்டியது. “மன்னிச்சிருங்க சார்” என்று முனகினார். இனி மிச்சம் இருப்பது ஒரே கட்டம்.

வாசலில் மக்ரூன் பெட்டிகளோடு மகாராஜன் வந்து நின்றார். நேசக்குமார் தட்டுத்தடுமாறிப் போய் அவர் சட்டையைப் பிடித்தார்.

“அண்ணாச்சி, ஒளிக்காம சொல்லுங்க. அந்தக் களவா எத்தனை பேரு வயித்துக்குள்ள போயிருக்கு?”

மகாராஜன் பெட்டிகளை ஸ்டெபியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அவரைத் தாங்கினார்.

“முக்கால் கிலோ மீனு எம்பது பேருக்கு எங்கன சார் காணும்? இவியளுக்குப் போட்டது துறைமுகத்துல எடுத்த பாறை மீனு. நாலு நாளா சோறு தண்ணி இல்லாம ஓடுதீயளேன்னு, அந்தக் களவாவ உங்களுக்குன்னு தனியா வறுத்து வச்சேன். அடுப்படியில நின்னு போன் பேசிக்கிட்டே முள்ளு மிச்சமில்லாம நீங்கதான் தின்னீய. இங்க எல்லாரும் நேராத்தான் இருக்காவ சார், நீங்கதான் சாயுதீய. என் தோளப் பிடிச்சுக்கிடுங்க.”