வால் முளைத்த புள்ளி

"புள்ளிக்கு வால் முளைச்சிருக்குப்பா" என்று சொல்லி, வெர்ஜில் தன் பழைய ரெட் டாட்டை என் துப்பாக்கிக் கடை மேஜையில் வைத்தார்.

சொல்லியிருக்கக் கூடாது. அதிலும் டேரல் பக்கத்தில் நின்று தோட்டா பார்த்துக்கொண்டிருக்கும்போது.

ரைஃபிளின் மேல் மாட்டிக் குறிபார்க்கிற இந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். உருண்டையாகத் தெரிய வேண்டும். வால் முளைத்தாலோ, திராட்சைக் கொத்தாகச் சிதறினாலோ கோளாறு அநேகமாகக் கண்ணாடியில் இல்லை, பார்க்கிறவன் கண்ணில். நிலக்கடலைக் காட்டில் பன்றி சுடுகிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தவன் வாய் திறக்க மாட்டான்.

வெர்ஜில் எங்கள் டெக்சஸ் ஊரின் பேஸ்பால் அம்பயர்.

போன வருட இறுதியாட்டத்தில் டேரலின் மகனை அவுட் கொடுத்தவர். டேரல்தான் அந்த அணிக்குக் கோச். கிளம்பிய தூசியில் பையனின் கால் முதலில் பட்டதா, பந்து முதலில் வந்ததா என்ற சண்டை இந்த மேஜை மேல் இன்னும் தீரவில்லை. சனிக்கிழமை மறுபடியும் இறுதியாட்டம். எண்ணெய்க் கிணற்று வேலை போன பிறகு வெர்ஜிலுக்கு இந்த ஊரில் மிச்சமிருக்கிற ஒரே மரியாதை, முகமூடியைப் போட்டுக்கொண்டு பையன்களுக்குப் பின்னால் குனிந்து நிற்பதுதான்.

"டீச்சர், கேட்டீங்களா? வாலாம்!" என்று டேரல் கூவினான்.

மான் தீவன மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து லொரெட்டா டீச்சர் எட்டிப் பார்த்தார். எங்கள் எல்லோருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது ஆட்டச் சங்கத்துக்குத் தலைவர். சனிக்கிழமை அம்பயர் யார் என்பது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

நான் அவசரமாக இன்னொரு வகைக் குறிக்கண்ணாடியை, ஒரு ஹோலோகிராபிக்கை, எடுத்து நீட்டினேன். "இதப் பாருங்க வெர்ஜில். வட்டம், நடுவுல புள்ளி. கொஞ்சம் கனம், விலையும் டபுள். ஆனா..."

"ஆனா கோணக் கண்ணுக்கும் நேராத் தெரியும். அதானே?" டேரல் விடுவதாக இல்லை. "ஏன்டா ரஸ்ஸல், எங்களுக்கெல்லாம் ரெட் டாட் விக்கிற, பெரியவருக்கு மட்டும் ஹோலோவா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். புதுசா ஒரு ரெட் டாட்டப் பிரி. எல்லாரும் பாப்போம்."

"உன் பையன் வர்றதுக்கு முன்னாடியே பந்து வந்துருச்சு, டேரல்" என்றார் வெர்ஜில் நிதானமாக.

"பாத்துருவோம்" என்றார் டீச்சர். "சனிக்கிழமைக்கு எனக்கும் தெரிஞ்சாகணும்."

பெட்டியைப் பிரித்தேன். கடைக்காரன் என்ற முறையில் நான்தான் முதலில் பார்த்தேன்.

"ஜம்முனு இருக்கு" என்றேன்.

டேரல் பிடுங்கிக்கொண்டு பார்த்தான். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரமாகப் பார்த்தான். "காசு மாதிரி உருண்டை" என்றான்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த மான் தலையை நோக்கிப் பிடித்தார். "உருண்டைதான்" என்றார், வகுப்பில் விடை சொல்கிற அதே குரலில்.

பிறகு வெர்ஜில்.

மான் தலையைப் பார்த்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். ஜன்னல் வழியாக என் வண்டியைப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. மூன்று பேர் எடுத்துக்கொடுத்தாகிவிட்டது, திருப்பிச் சொன்னால் சனிக்கிழமை அவருடையது. சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது.

"ஒண்ணுமே இல்லையே" என்றார் வெர்ஜில்.

"என்னது?"

"வாலும் இல்ல, புள்ளியும் இல்ல. ஒண்ணுமே தெரியல."

டேரல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "கண்ணு சரியில்லன்னு ஊரே சொல்லிச்சு. இன்னைக்கு அவரே சொல்லிட்டாரு டீச்சர்!"

டீச்சர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை நல்லாப் பாருங்க, வெர்ஜில்" என்றார். அது கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"பாத்தாச்சு. சொல்லியாச்சு."

கொடுத்த தீர்ப்பை மனிதர் மாற்றவே மாட்டார். ஊருக்கு அவர் மேல் இருக்கிற கோபமே அதுதான்.

"அப்போ சனிக்கிழமைக்கு நான் வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார் டீச்சர்.

வெர்ஜில் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். வாசல் பக்கம் நடந்தார். எனக்குப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒரு சின்னப் பொய் சொல்ல இவருக்கு என்ன கேடு?

ரெட் டாட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனேன். அடியில், அட்டைக்குக் கீழே, பேட்டரி கிடந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை. அது இல்லாமல் கண்ணாடிக்குள் புள்ளி வரவே வராது.

டேரலின் சிரிப்பு பாதியில் நின்றது.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டீச்சர் மட்டும் அந்த உறையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். கழுத்து வரைக்கும் சிவந்துபோயிருந்தார்.

"வெர்ஜில்" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமா வந்துருங்க. சுண்ணாம்புக் கோடு சரியாப் போட்டிருக்காங்களான்னும் நீங்கதான் பாக்கணும்."

வெர்ஜில் ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒன்றும் வாங்கவில்லை.

அவர் வண்டி கிளம்பிப் போன பிறகு பேட்டரியைப் போட்டேன். நான் பார்த்தேன். டேரலிடம் கொடுத்தேன். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு டீச்சரிடம் கொடுத்தான். இந்தத் தடவை யாரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஹோலோகிராபிக் இரண்டு விற்றது. மூன்றாவதை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.