இரண்டாவது பிரேக்

விடிகாலையில் வாசற்கதவருகே மூன்று பேர் இருந்தார்கள்: ஓடக் கிளம்பிய அப்பா, வழிமறித்து நின்ற அம்மா, கையில் பளபளக்கும் மஞ்சள் மேல்சட்டையோடு மகள்.

“இதைப் போட்டாத்தான் கதவு திறக்கும்” என்றாள் அம்மா.

“இதைப் போட்டா, ரோடு போடுற ஆளுன்னு நெனச்சு தார் எங்கேன்னு கேப்பாங்க. ஆறு வருஷமா இந்தக் கறுப்புச் சட்டையிலதானே ஓடறேன்? என்ன குறைஞ்சு போச்சு?”

“வண்டிக்கு எதிர்முகமா ஓடுங்கப்பா. முதுகைக் காட்டிட்டு ஓடாதீங்க” என்றாள் மகள்.

“நீ ஸ்டீயரிங் புடிச்சு பத்து நாள் ஆகல. அதுக்குள்ள எனக்கே பாடமா?”

மகள் மஞ்சள் சட்டையை அவர் முன்னால் நீட்டினாள். “நேத்துக் காலை டிரைவிங் கிளாஸ்ல, குளத்து முனையில ஒருத்தர் ஓடினது எனக்குத் தெரியவே இல்லப்பா. நானும் வேகமாத் திரும்பிட்டேன். மாஸ்டர் தன் பக்கம் இருக்கற ரெண்டாவது பிரேக்கை மிதிச்சார். ஒரு முழம்தான் பாக்கி.”

“அடக் கடவுளே! யாரு அந்த மடையன்?”

“நீங்கதான்.”

“பிரேக் சத்தமே கேக்கலையே?”

“காதுலதான் பாட்டு ஓடிட்டிருந்துச்சே!”

அப்பா கழுத்தில் தொங்கிய இயர்போனைக் கழற்றி அவள் கையில் வைத்தார். மஞ்சள் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டார்.

“இனிமே முனையில மெதுவாத் திரும்பு.”

“சரிப்பா. நம்ம கார்ல ரெண்டாவது பிரேக் கிடையாது. நாம ரெண்டு பேரும்தான் அந்தப் பிரேக்.”

அவர் படியிறங்கித் தெருவுக்கு வந்தார். அம்மா பெருமூச்சு விட்டதும், கதவைச் சாத்தித் தாழிட்டதும் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் காதில் விழுந்தன.