சுற்றறிக்கையின் பணிவு

ஒரு ரயில் நிலையத்துப் பெரிய கணினிக்குள், அடிக்கடி கேட்கப்படும் கோப்புகள் கைக்கெட்டும்படி உட்கார்ந்திருக்க, கேஷ் என்றொரு முன்னறை இருந்தது. அங்கே இரண்டே நாற்காலிகள். புதிதாக ஒன்று வந்தால், யாரைக் கூப்பிட்டு ரொம்ப நேரம் ஆயிற்றோ அந்தக் கோப்பு எழுந்து கீழே வட்டுக்குப் போய்விட வேண்டும். வட்டில் நாளெல்லாம் சுற்றிக்கொண்டே இருந்தால் தலை கிறுகிறுத்துப் போகும்.

ஒரு நாற்காலியில் பயணிகள் பட்டியல். நிமிஷத்துக்கு நூறு பேர் கூப்பிடுவார்கள். இன்னொன்றில், யாரோ கை தவறி அழைத்ததால் வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பழைய சுற்றறிக்கை.

டீ வேளையில் கவுன்டர் ஓய்ந்திருந்தபோது, நேர அட்டவணை மேலே வந்து இடம் கேட்டது. அழைப்புகளை நோட்டில் குறித்துவைத்து, யார் எழ வேண்டும் என்று சொல்லும் இயங்குதளத்தார் நியாயஸ்தர்.

"விசாரிக்காம யாரையும் எழுப்ப மாட்டேன்" என்று நோட்டைத் திறந்தார்.

சுற்றறிக்கைக்கு ஒன்று தெரியும்: விசாரிக்கக் கூப்பிட்டாலும் அவர் அதையும் ஓர் அழைப்பாகவே நோட்டில் எழுதிக்கொள்வார்.

"முதல்ல அண்ணாச்சியைக் கேளுங்கய்யா. நான் அப்புறம் சொல்றேன்" என்றது குழைந்து.

"பின்னே, உன்னையா முதல்ல கேப்பாங்க?" என்று முந்திக்கொண்ட பட்டியல், தன் பெருமையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தது.

அடுத்து சுற்றறிக்கையின் முறை. "ஈரக்குடையை வாசல்லயே வைக்கவும். அவ்வளவுதாங்க நான்."

இயங்குதளத்தார் நோட்டைப் பார்த்தார். கடைசியாகக் கூப்பிடப்பட்டது சுற்றறிக்கைதான்.

"பட்டியலாரே, எழுந்திருங்க."

டீ குடித்துவிட்டு வந்தவர்கள் முதலில் கேட்டதே பட்டியலைத்தான். அது கிறுகிறுத்தபடி மேலே வந்து நின்றது. மறுபடியும் யாராவது எழுந்தாக வேண்டும். இயங்குதளத்தார் நோட்டைத் திறந்தார்.

"ஐயா, அட்டவணை அக்காவை முதல்ல கேளுங்க" என்றது சுற்றறிக்கை.