ஒரு சதவீதம்

“இந்தக் கழுகுகிட்ட சொல்லுங்கம்மா, நாட்டை விக்கிற அதிகாரம் எனக்கு இல்லைன்னு. எனக்கு முன்னாடி இருந்தவங்களே அதை வித்து முடிச்சிட்டாங்கன்னு.”

அரசுக் கடன் அலுவலகத் தலைவர் மேசையைத் தட்டினார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். எதிரே இருந்த வெளிநாட்டுக்காரரிடம் அவருடைய மொழியில், “தங்கள் யோசனையை எங்கள் தலைவர் மிகுந்த மரியாதையோடு பரிசீலிக்கிறார். தன் அதிகார வரம்பு சிறியது என்று வருந்துகிறார்” என்றாள்.

வெளிநாட்டுக்காரர் புன்னகைத்தார். நான்கு நாளாக அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் ‘புன்னகை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு பாலம் கட்டுவதற்காக அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தையில் கடன் பத்திரங்களை விற்றது. பாலம் ஆற்றின் நடுவிலேயே நின்றுவிட்டது. வட்டி மட்டும் நிற்காமல் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு வட்டி கட்டவும் வழியில்லாமல் போனது. பத்திரம் வைத்திருந்தவர்கள் பயந்துபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அதையெல்லாம் வாரிக்கொண்ட முதலீட்டு நிறுவனம்தான் இப்போது புன்னகையை அனுப்பியிருந்தது. அசல் முழுதாக வேண்டுமாம். பத்து வருடம் தவணை தருவார்களாம், பெரிய மனது. ஆனால் வட்டி ஒன்பது சதவீதம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகாவிட்டால் வழக்கு. வழக்கு என்று வந்துவிட்டால் துறைமுகத்தில் நிற்கும் மருந்துக் கப்பல்கூடத் திரும்பிப் போய்விடும்.

அந்த மொழி தெரிந்தவர் அலுவலகத்தில் ஒருவரும் இல்லை என்று சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று அவளுக்குப் படிப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படி இருந்திருந்தால் முதல் நாள் மதியத்துக்குள் யாராவது அந்தக் கண்ணாடியை உடைத்திருப்பார்கள். தலைவர் திட்டியதை அவள் பணிவாக மாற்றினாள். ‘கடன் வாங்கிக் கூத்தடித்த கூட்டம்’ என்று புன்னகை சிரித்தபடி சொன்னதை, ‘உங்கள் மக்களின் உற்சாகம் பாராட்டத்தக்கது’ என்று இந்தப் பக்கம் தந்தாள். பேச்சுவார்த்தை சுமுகமாக நடப்பதாகப் பத்திரிகைகள் எழுதின.

இரண்டாம் நாள் தலைவர் ஒரு தாளைக் கொடுத்து, கோப்புக்கு வேண்டும், மொழிபெயர்த்துவிடுங்கள் என்றார். இந்தக் கடனில் ஒரு சதவீத வட்டி என்பது அரசு மருத்துவமனைகளின் ஓராண்டு மருந்துச் செலவுக்குச் சமம் என்று அதில் இருந்தது. அவளுடைய அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸ். போன மாதம் கட்டுத்துணியைச் சொந்தக் காசில் வாங்கியவள். அந்த வரியை மொழிபெயர்க்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை காலை புன்னகை ஒன்பதிலிருந்து எட்டு சதவீதத்துக்கு இறங்கி வந்தார். தலைவரின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு, தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

“மேலிடத்து உத்தரவு” என்றார், அறையில் இருந்த நம் ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. “ஏழு தர்றோம்னு சொல்லிடுங்கம்மா.”

அவள் வாயைத் திறந்தாள். வந்த வார்த்தை அவளுக்கே புதிதாக இருந்தது.

“ஆறு” என்றாள் அந்த மொழியில். “அதற்கு மேல் ஒரு காசுகூட இல்லை என்கிறார்.”

புன்னகையின் முகத்தில் முதல்முறையாகப் புன்னகை இல்லை. வக்கீலோடு கிசுகிசுத்தார். தன் ஊருக்குப் போன் போட்டார். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து கை நீட்டினார். மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கிய சரக்குக்கு ஆறு என்றாலும் கொள்ளை லாபம்தான்.

ஒப்பந்தத்தின் நாற்பது பக்கத்திலும் தலைவர் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். எதையும் படித்துவிட்டுக் கையெழுத்திடும் கெட்ட பழக்கம் மேலிடத்துக்கு இல்லாததால், அங்கேயும் தாமதமாகவில்லை.

எல்லோரும் கைகுலுக்கிக் கலைந்தார்கள். அவள் மட்டும் போகவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள்.

“சார், நீங்க ஏழுன்னு சொன்னீங்க. நான் வேணும்னேதான் ஆறுன்னு சொன்னேன். என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி.”

தலைவர் கடிதத்தை வாங்கி, படிக்காமலே நான்காகக் கிழித்தார். பிறகு உட்காரச் சொன்னார். அவர் சொன்னது புன்னகையின் மொழியில். உச்சரிப்பு அவளுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

அவள் உட்காரவில்லை.

“எட்டு வருஷம் அந்த ஊர்ல படிச்சவன்மா நான்” என்று சாதாரணமாகச் சொன்னார். “மந்திரியோட மச்சான் அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர். ஆறுக்கே இவன் படிவான்னு தெரிஞ்சும் ஏழுன்னு சொல்லச் சொன்னாங்க, பத்துப் பேர் கேக்கச் சொல்லிட்டேன். இனிமே, வட்டி குறைஞ்சுபோச்சேன்னு எந்த மந்திரி வெளியில வந்து அழ முடியும்?”

“நான் மாத்திச் சொல்லாம இருந்திருந்தா சார்?”

“அதுக்குத்தானே நாலு நாளா அவனைக் கண்டபடி திட்டி உங்களைப் பார்த்துக்கிட்டிருந்தேன்” என்றார் தலைவர். “உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரை வரவழைச்சுப் பார்த்தேன்மா. பாவம், சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தாங்க. தகுதி இல்லைன்னு எழுதி அனுப்பிட்டேன்.”