மைனஸ் பன்னிரண்டு

"சூடாகிற முன்கண்ணாடியும் போட்டுக்குங்க, ஐலா. பட்டனை அழுத்தினா ரெண்டு நிமிஷத்துல பனி உருகிடும். நம்ம ஊலு ஊர்க் குளிர்ல இன்னுமா கையால சுரண்டுவீங்க?" என்றான் கார் விற்கும் யான்னே.

ஐலா புதுக் காருக்கான படிவத்தின் மேல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். காலையில் அவள் பனி சுரண்டும்போது அதே கட்டடத்தில் பக்கத்து வீட்டு ஒலாவியும் தன் கார்க் கண்ணாடியைச் சுரண்டுவார். "இன்னைக்கு மைனஸ் பன்னிரண்டு" என்பார். "ஆமா, பன்னிரண்டு" என்பாள். ஆறு குளிர்காலமாக அவ்வளவுதான் பேச்சு. கோடையில் அதுவும் இல்லை.

ஐம்பத்தெட்டு வயதில் இதற்காகவா விரல் விறைக்க நிற்பது?

"சரி, போட்டுடுங்க."

"அப்பாடா! போன வாரம் உங்க கட்டடத்து ஆள் ஒருத்தர் வந்தார். இந்தக் கண்ணாடி வேண்டவே வேண்டாம்னுட்டார். சரியான கிறுக்கு!"

"யாரு?"

"பேரு ஞாபகமில்ல. வாயே திறக்காத மனுஷன். போறப்ப 'இன்னைக்கு மைனஸ் ஒன்பது'ன்னார். 'அப்படியா'ன்னேன். நான் வேற ஏதோ சொல்லணும்ங்கற மாதிரி நின்னு பார்த்துட்டுப் போனார்."

ஐலா படிவத்தை இழுத்து முன்கண்ணாடி என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்தாள்.

"பனி சுரண்டற தகடு இருக்கா? ரெண்டு குடுங்க."