காலி பாட்டில்

குளியலறையைக் கழுவப் போனவள், ஆசிட் பாட்டிலைக் காணாமல் மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலி பாட்டில் வேணும்மா" என்று மகள் நேற்று நச்சரித்ததும், "எதையாவது எடுத்துக்கோ, போ" என்று தான் எரிந்து விழுந்ததும் நினைவுக்கு வந்தன. போட்டது போட்டபடி இரண்டாம் வகுப்புக்கு ஓடினாள்.

ஜன்னலோரம், செடி நட்ட பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஆசிட் பாட்டில் என்று அவள் மூச்சு வாங்கச் சொன்னதும் டீச்சர் சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா. காலியாத்தான் கொண்டு வந்தா. நானே நல்லா கழுவிட்டுத்தான் செடி வெச்சேன்."

மகளின் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்தாள்.

"மேல எங்கயும் படலையே கண்ணு?"

"இல்லம்மா."

போன உயிர் திரும்பி வந்தது. "உள்ள இருந்ததை எங்கடி கொட்டின?"

"மண்ணுல கொட்டினா புழுவெல்லாம் செத்துப்போயிடும்னு டீச்சர் சொன்னாங்கல்ல? அதான் கொட்டவே இல்ல. அப்பாவோட தண்ணி பாட்டில் சும்மாதான் இருந்துச்சு. அதுல ஊத்தி மூடி வெச்சுட்டேன்."

டீச்சரின் சிரிப்பு நின்றது.

காலையில் பாட்டிலை மறந்துவிட்டுக் கிளம்பிய கணவனைத் தெருமுனை வரை துரத்திப் போய், "இந்த வெயில்ல தண்ணி இல்லாம என்ன பண்ணுவீங்க?" என்று அவன் கையில் திணித்தவள் அவளேதான்.

கைப்பேசியில் அவன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.